காவிரி நீரோட்டத்தில் பரிசல்: குடும்பத்தோடு போகிறவர்களுக்கு ஒரு பாடம்

ஆடி பிறந்தால் ஜோகுபாளையத்தில் வேன் பேச்சும் பிறந்துவிடும். யார் யார் வருகிறார்கள், தலைக்கு எவ்வளவு, புளியோதரை யார் வீட்டில், தயிர்ச்சாதம் யார் வீட்டில் என்றெல்லாம் முடிவு செய்துகொண்டு, ஒரு விடியற்காலையில் ஓசூர், தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி வழியாக ஒகேனக்கல்லில் போய் இறங்கிவிடுகிறோம். எண்ணெய்க் குளியல், வறுத்த மீன், பரிசல் சவாரி, பதினெட்டாம் பெருக்குக்குக் காவிரியம்மனுக்கு ஒரு கும்பிடு. ஊரை விட்டு வந்து இரண்டு மூன்று தலைமுறை ஆன பிறகும், பெங்களூர்க் குழாயில் வரும் அதே காவிரியைக் கரையில் நின்று பார்த்தால்தான் நமக்கு மனம் நிறைகிறது.

இதில் ஒரு சிக்கல் உண்டு. ஆடிப்பெருக்கு என்ற பெயரிலேயே அது இருக்கிறது. தென்மேற்குப் பருவமழையில் குடகும் வயநாடும் நனைந்து, கிருஷ்ணராஜசாகரும் கபினியும் நிரம்பி, மிகுந்த நீர் கீழே வரும் காலம் அது. அதாவது நாம் குழந்தை குட்டிகளோடு ஆற்றுக்குப் போகத் தேர்ந்தெடுக்கும் நாளும், ஆறு மிக வேகமாக ஓடக்கூடிய நாளும் ஒன்றாகவே அமைந்துவிடுகின்றன. 2024ஆம் ஆண்டு ஜூலை இறுதியில் ஒகேனக்கல்லுக்கு நீர்வரத்து ஒரு லட்சம் கன அடியைத் தாண்டியது. ஆடிப் பதினெட்டுக்கு நான்கு நாள் இருக்கும்போது, ஜூலை 30 அன்று, மேட்டூர் அணை 120 அடியை எட்டியது. பரிசலுக்கும் குளிப்பதற்கும் தடை. தடை போட்டவர்களைத் திட்டிக்கொண்டு திரும்பிய குடும்பங்கள் பல. அந்தத் தடையின் பொருள் என்ன என்று தெரிந்திருந்தால் திட்டியிருக்க மாட்டார்கள்.

கன அடி என்கிற சொல்லை நாம் செய்தியில் தினமும் கேட்கிறோம். ஒரு கன அடி நீர் 28.3 லிட்டர். வினாடிக்கு 10,000 கன அடி என்றால், ஒவ்வொரு வினாடியும் 2 லட்சத்து 83 ஆயிரம் லிட்டர், எடையில் 283 டன். நம் தெருவுக்கு வரும் 12,000 லிட்டர் தண்ணீர் லாரியை நினைத்துக்கொள்ளுங்கள். அப்படிப்பட்ட லாரிகள் 23க்கு மேல் ஒரு வினாடியில் கடந்து போகின்றன. அடுத்த வினாடியில் இன்னொரு 23. ஒரு லட்சம் கன அடி என்றால் இதைப்போல் பத்து மடங்கு. இத்தனை நீரும் பாறை இடுக்குகளில் நெருங்கி ஓட வேண்டியிருக்கிறது. அகன்ற ஆறு குறுகும் இடத்தில் அதே அளவு நீர் அதே நேரத்தில் போயாக வேண்டும். ஆகவே அது ஆழமாகும் அல்லது வேகமாகும், பெரும்பாலும் இரண்டும் ஆகும். மேகதாதுவில் காவிரி ஒடுங்கிப் பாய்வதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

ஏரிப் பழக்கம் ஆற்றுக்கு உதவாது

நம் பிள்ளைகளில் பலர் படகில் முதலில் ஏறியது அல்சூர் ஏரியில்தான். அங்கே துடுப்பை நிறுத்தினால் படகும் நிற்கும். கரையைப் பார்த்துப் போட்டால் கரைக்குப் போகும். ஏரி ஒரு பாய் போலக் கிடக்கிறது. படகு மட்டுமே நகர்கிறது.

ஆற்றில் அந்தப் பாயையே யாரோ இழுத்துக்கொண்டு போகிறார்கள். துடுப்புப் போடுகிறவர் தண்ணீரைத்தான் தள்ள முடியும். அந்தத் தண்ணீரோ படகையும் சேர்த்துக் கீழே கொண்டுபோகிறது. ஆகவே ஆற்றில் படகு செல்லும் திசை, துடுப்பின் திசையும் நீரின் திசையும் சேர்ந்த ஒன்று. பள்ளிக்கூடத்துக் கணக்குப் புத்தகத்தில் படகும் நீரோட்டமும் என்று வருமே, பரிசலோட்டி அந்தக் கணக்கைப் படிக்காமலேயே தினமும் போடுகிறார்.

ஓர் எடுத்துக்காட்டு. ஆறு 100 மீட்டர் அகலம். பரிசலோட்டி வினாடிக்கு 1 மீட்டர் வேகத்தில் துடுப்புப் போடுகிறார். நீரின் வேகமும் வினாடிக்கு 1 மீட்டர். எதிர்க்கரையை நேராகப் பார்த்துப் போட்டால் 100 வினாடியில் கடந்துவிடுவார். ஆனால் அதற்குள் 100 மீட்டர் கீழே இழுபட்டிருப்பார். நீரின் வேகம் 2 மீட்டர் ஆனால், அதே 100 வினாடியில் 200 மீட்டர் கீழே. இடையில் அருவி இருந்தால் என்ன ஆகும் என்பதை நான் எழுத வேண்டாம்.

இழுப்பைச் சமாளிக்க வழி என்ன? பரிசலின் முகத்தைச் சற்று மேல்நோக்கி, நீர் வரும் பக்கம் சாய்த்துப் பிடிப்பது. நீரின் வேகம் அரை மீட்டர்தான் என்றால், நேர்க்கோட்டிலிருந்து 30 பாகை மேலே திருப்பிப் போட்டால் நேர் எதிர்த்துறையிலேயே போய்ச் சேரலாம். 100 வினாடிக்குப் பதில் சுமார் 115 வினாடி ஆகும், அவ்வளவுதான். ஆனால் நீரின் வேகம் துடுப்பின் வேகத்துக்குச் சமமானாலோ அதிகமானாலோ, எந்தக் கோணத்தில் திருப்பினாலும் நேர் எதிரே போக முடியாது. கை வலிமை உள்ளவரானாலும் முடியாது. அப்போது மிஞ்சும் வழி ஒன்றுதான்: முதலில் கரையோரமாக மேலே ஏறிச் சென்று, அங்கிருந்து கடக்கத் தொடங்குவது. கரையோரத்தில், பாறைகளின் பின்னால், நீர் வேகம் குறைந்திருக்கும். தேர்ந்த பரிசலோட்டிகள் அந்த அமைதி நீரைப் பற்றிக்கொண்டே ஏறுவதையும், சில இடங்களில் பரிசலைக் கவிழ்த்துத் தலைமேல் சுமந்துகொண்டு பாறைமேல் நடப்பதையும் பார்க்கலாம். நம்மவர்கள் சிலர் அதைப் பார்த்து, இவர் ஏன் சுற்றிக்கொண்டு போகிறார், நேரமாகிறது என்று முணுமுணுப்பார்கள். அந்தச் சுற்றுதான் நம் உயிருக்குக் காப்பு.

வட்டப் படகின் குணம்

பரிசல் மூங்கில் பிளாச்சுகளால் பின்னிய ஒரு பெரிய கூடை. முன்பு அடியில் எருமைத் தோல் போர்த்துவார்கள். பிற்பாடு கித்தானும் பிளாஸ்டிக் தாளும் வந்தன, மேலே தார் பூச்சு. ஒகேனக்கல் பரிசல் ஏறக்குறைய 7 அடி விட்டம். அடிப்பகுதி தட்டையாக இருப்பதால் முழங்கால் அளவு நீரிலும் மிதக்கும், பாறைமேல் உரசினாலும் வழுக்கிக்கொண்டு போகும். காவிரி மாதிரிப் பாறை மிகுந்த ஆற்றுக்கு இதைவிடப் பொருத்தமான கலம் கிடைப்பது அரிது.

குறையும் அதே வடிவத்தில்தான் இருக்கிறது. நீண்ட படகுக்கு முன்னும் பின்னும் உண்டு, அடியில் நீரைக் கீறி நேர்கோடு பிடிக்கும் முதுகெலும்பு உண்டு. பரிசலுக்கு இரண்டும் கிடையாது. பக்கத்தில் ஒரு துடுப்புப் போட்டால் முன்னேறுவதற்குப் பதில் சுழலும். அதனால்தான் ஓட்டுபவர் முன்பக்கம் அமர்ந்து, நீரைத் தன்னை நோக்கி இழுத்து, வலமும் இடமும் மாற்றி மாற்றிப் போடுகிறார். கிணற்றில் நீர் இறைப்பவர் கயிற்றை இழுப்பது போல, பரிசலை அவர் நீரின் மேல் இழுத்துச் செல்கிறார். ஆகவே ஓட்டுபவரின் முன்னால் இரண்டு பக்கமும் இடம் விட வேண்டும். படம் எடுக்கிறேன் என்று அவர் முழங்கைக்கு அருகில் போய் உட்காருவது, ஓடும் பஸ்ஸில் டிரைவர் கையைப் பிடிப்பதற்குச் சமம்.

'யாதும் ஊரே' என்று தொடங்கும் கணியன் பூங்குன்றனாரின் புறநானூற்றுப் பாடலை நம் மேடைகளில் கேட்காத ஆண்டு இல்லை. அந்தப் பாட்டின் நடுவில் ஓர் ஆற்றுத் தெப்பம் வருவதைப் பலர் கவனிப்பதில்லை. கல்லில் மோதி இரையும் பேராற்றில், நீர் போகும் வழியே போகும் தெப்பம் அது. புலவர் அதை உயிருக்கு உவமை சொன்னார். ஓட்டுபவர் இல்லாத பரிசலும் அப்படித்தான் போகும். நீர் போகும் வழி எப்போதும் நாம் போக வேண்டிய வழியாக இருக்காது என்பதால்தான் ஒருவர் துடுப்போடு உட்கார்ந்திருக்கிறார்.

தண்ணீரைப் படிப்பது

ஆற்றின் மேல்தோலைப் பார்த்தே அடியில் இருப்பதை ஓரளவு சொல்லலாம். இரண்டு பாறைகளுக்கு நடுவே நீர் வழுவழுப்பாக, கீழ்நோக்கிக் கூராகும் நாக்குப் போலப் போனால் அங்கே ஆழமும் வழியும் இருக்கிறது. அதற்கு மாறாக, கூர் மேல்நோக்கி இருந்து இரண்டு பக்கமும் நீர் பிரிந்து விரிந்தால், அந்தக் கூரின் அடியில் ஒரு பாறை ஒளிந்திருக்கிறது. வளைவில் வெளிக்கரை ஓரம் வேகமும் ஆழமும் அதிகம். உள்கரை ஓரம் வேகம் குறைந்து மணல் படியும். நீர் கலங்கி, குச்சியும் நுரையும் திடீரென அதிகமாக வரத் தொடங்கினால் மேலே நீர்வரத்து கூடியிருக்கிறது என்று கொள்ளலாம். உடனே கரை ஏறிவிட வேண்டும்.

பெரிய பாறைக்குக் கீழே நீர் எதிர்த்திசையில் திரும்பிச் சுற்றும். அனுபவசாலிக்கு அது இளைப்பாறும் இடம். ஆனால் வேக நீரிலிருந்து அதற்குள் நுழையும் கோட்டில், பரிசலின் ஒரு விளிம்பை ஒரு நீரோட்டமும் மறுவிளிம்பை வேறு நீரோட்டமும் பிடித்துத் திருப்பும். உட்கார்ந்திருப்பவர்கள் அசையாமல் இருக்க வேண்டிய நேரம் அது. ஒகேனக்கல்லில் முதலைப் பண்ணை இருப்பதாலோ என்னவோ, ஆற்றில் முதலை உண்டா என்று எல்லோரும் கேட்கிறார்கள். பாறையிடுக்கைப் பற்றி யாரும் கேட்பதில்லை.

நீரில் சாய்ந்து கிடக்கும் மரம், முட்புதர், கட்டிவைத்த வலை ஆகியவை பாறையைவிடக் கெட்டவை. நீர் அவற்றின் ஊடே போய்விடும். மனிதன் போக மாட்டான், அதிலேயே அழுத்தப்பட்டு நிற்பான். தடுப்பணையும் அப்படித்தான். பார்க்கச் சின்ன அருவி போல அழகாக இருக்கும். ஆனால் அதன் அடியில் விழும் நீர் மேலெழுந்து மறுபடி அணைப் பக்கமே திரும்புகிறது. விழுந்த பந்து வெளியே வராமல் அங்கேயே உருண்டுகொண்டிருப்பதைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். ஆளும் அப்படியே உருளுவார்.

வேகத்தைப் பற்றி ஒன்று. நீரின் வேகம் இரு மடங்கானால் அதன் தள்ளும் விசை நான்கு மடங்காகிறது. வினாடிக்கு 1 மீட்டர் ஓடும் நீர், இடுப்பளவில் நிற்கும் ஆளின் மேல் ஏறக்குறைய 25 கிலோ பளு அளவுக்கு அழுத்துகிறது என்று வைத்துக்கொண்டால், 2 மீட்டர் வேகத்தில் அது 100 கிலோ ஆகிவிடும். "போன வருஷம் இதே இடத்தில் நின்றோமே" என்ற பேச்சு செல்லாததற்கு இதுவே காரணம். இடம் அதேதான், நீர் வேறு.

உட்கார்ந்திருப்பவர்களும் ஓட்டுகிறார்கள்

இதைத்தான் குடும்பத்தோடு போகிறவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். பரிசலின் சமநிலையில் பாதி ஓட்டுபவர் கையில், மீதி நம் கையில். சுற்றி வட்டமாக, கனமானவர்கள் எதிரெதிராக, தரையில் சம்மணமிட்டு உட்கார வேண்டும். எழுந்து நிற்பது கூடாது, விளிம்பில் உட்காருவது கூடாது, இடம் மாறுவது கூடாது.

2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடியில் ஜலகன்னியகா என்ற சுற்றுலாப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். கரையில் தெரிந்த காட்டு விலங்குகளைப் பார்க்கப் பயணிகள் ஒரே பக்கம் நகர்ந்தபோது படகு சாய்ந்தது. அது ஓடும் ஆறுகூட இல்லை, தேங்கிய ஏரி. 2019 செப்டம்பர் 15 அன்று கோதாவரியில், கச்சுலூரு அருகே, பாபிகொண்டலுக்குப் போன சுற்றுலாப் படகு வெள்ளத்தில் கவிழ்ந்தது. ஆற்றில் ஏறக்குறைய 5 லட்சம் கன அடி ஓடிக்கொண்டிருந்த நாள். ஏறக்குறைய 50 பேர் போய்விட்டார்கள். மீண்டவர்களை இழுத்துக் கரை சேர்த்தவர்கள் நாட்டுப் படகுகளோடு ஓடிவந்த பக்கத்துக் கிராமத்தார். 2023 மே 7 அன்று மலப்புரம் மாவட்டம் தானூரில் 22 பேர். அங்கே ஏற்றக்கூடாத அளவுக்கு ஆட்களை ஏற்றியிருந்தார்கள். மூன்றிலும் படகு வேறு, நீர் வேறு. ஆனால் ஆட்களின் எண்ணிக்கை, ஆட்கள் உட்காரும் முறை, போகக்கூடாத நாளில் போனது என்று பார்த்தால், பயணம் தொடங்கும் முன்பே தடுத்திருக்கக்கூடியவை.

பரிசல் ஒரு பாறையில் மோதி ஒட்டிக்கொண்டால் நம் உடம்பு தானாகவே பாறையை விட்டு விலகி மறுபக்கம் சாயும். அதுதான் கவிழ்க்கும். பாறைக்கு எதிர்ப்பக்கத்தில் நீர் வந்து முட்டிக்கொண்டிருக்கிறது. நாம் அந்தப் பக்கம் சாய்ந்தால் விளிம்பு தாழ்ந்து நீர் உள்ளே கொட்டும். ஆகவே பாறையின் பக்கமே, அதைத் தழுவிக்கொள்வது போல, சாய வேண்டும். மனம் சொல்வதற்கு நேர் எதிரான செயல் என்பதால் ஏறும் முன்பே பிள்ளைகளுக்கு இரண்டு முறை சொல்லிவைப்பது நல்லது.

மிதவை உடுப்பை வாங்கி மடியில் வைத்துக்கொள்பவர்கள் உண்டு. புடவை கசங்குகிறது, வேர்க்கிறது என்பார்கள். மடியில் இருக்கும் உடுப்பு முதலில் மிதந்து போகும், நாம் பின்னால் போவோம். கொக்கிகள் எல்லாவற்றையும் மாட்டி, வேறொருவரை விட்டுத் தோள்பட்டையில் பிடித்து மேலே தூக்கச் சொல்லுங்கள். உடுப்பு காது வரை ஏறினால் அது தளர்வு. குழந்தைக்குப் பெரியவர் அளவு உடுப்பு மாட்டினால் தலை வழியே கழன்றுவிடும். குழந்தை அளவு இல்லையென்றால் அன்றைக்குக் குழந்தையோடு ஒருவர் கரையில் இருக்கட்டும். எண்ணெய்க் குளியலைப் பரிசலுக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். எண்ணெய் பூசிய கையை யாராலும் பிடித்து இழுக்க முடியாது. மது அருந்தியவர் ஏறக்கூடாது என்பதைச் சொல்லவும் வேண்டுமா? வேன்களைப் பார்த்தால் சொல்லத்தான் வேண்டியிருக்கிறது.

விழுந்துவிட்டால்

எழுந்து நிற்க முயலாதீர்கள். முழங்கால் ஆழத்திலும்கூட வேக நீரில் நின்றால் பாதம் பாறையிடுக்கில் மாட்டிக்கொள்ளும், பின்னாலிருந்து நீர் முதுகைத் தள்ளி முகத்தை அமுக்கிவிடும். மல்லாந்து படுங்கள், கால்கள் நீர் போகும் பக்கம், பாதம் நீர்மட்டத்துக்கு மேலே. பாறை வந்தால் கால் தாங்கும், தலை தப்பும். கையால் துழாவி, கரையை நோக்கிச் சாய்வாக ஒதுங்குங்கள். நேராக எதிர்த்து நீந்தினால் களைப்புதான் மிச்சம். பரிசல் அருகில் இருந்தால் அதன் மேற்பக்கம், அதாவது நீர் வரும் பக்கம், பிடித்துக்கொள்ளுங்கள். கீழ்ப்பக்கம் இருந்தால் பரிசலுக்கும் பாறைக்கும் நடுவே சிக்குவீர்கள். மரம் குறுக்கே கிடப்பது தெரிந்தால் மட்டும் இந்த முறையை விட்டு, குப்புறத் திரும்பி, முழு வலிமையோடு அதை விட்டு விலகி நீந்த வேண்டும்.

கரையில் இருப்பவர் நீரில் குதிப்பது கடைசி வழி. நீந்தத் தெரிந்தவருக்கும் அப்படியே. 2020 ஆகஸ்டில் பெரம்பலூர் மாவட்டம் கொட்டரை அணையில் நான்கு இளைஞர்கள் மூழ்கியபோது, அங்கே துணி துவைக்க வந்த மூன்று பெண்கள் தாங்கள் உடுத்தியிருந்த சேலைகளை அவிழ்த்து வீசினார்கள். இருவர் அதைப் பற்றிக் கரை சேர்ந்தார்கள், மற்ற இருவரைக் காப்பாற்ற முடியவில்லை. அந்தப் பெண்களுக்குத் தமிழக அரசு கல்பனா சாவ்லா விருது வழங்கியது. ஒரு சேலை ஐந்தரை மீட்டர் நீளம். வேனில் ஒரு நல்ல கயிறும் காலியான மூடியிட்ட தண்ணீர்க் கேனும் எடுத்துப் போனால் இன்னும் வசதி. கேனைக் கயிற்றில் கட்டி வீசினால் மிதந்து போய்ச் சேரும். வீசும்போது ஆளுக்குச் சற்று மேலே, நீர் வரும் பக்கம் வீச வேண்டும். கயிற்றின் நுனியை உங்கள் இடுப்பிலோ மணிக்கட்டிலோ கட்டிக்கொள்ளாதீர்கள்.

கிளம்பும் முன்

ஒகேனக்கல்லில் வெயில் அடிக்கிறது என்று அங்கிருந்து யாராவது போனில் சொன்னால் அதை வைத்து முடிவெடுக்க வேண்டாம். அங்கே வரும் நீர் அங்கே பெய்த மழையால் வருவதில்லை. கர்நாடக அணைகளில் எவ்வளவு திறக்கிறார்கள் என்பதைப் பாருங்கள். அந்த நீர் ஒன்றிரண்டு நாளில் எல்லையில் உள்ள பிலிகுண்டுலுவுக்கு வந்து சேரும். அங்கே மத்திய நீர்வள ஆணையத்தின் அளவு நிலையம் இருக்கிறது. 2018 பிப்ரவரி 16 அன்று உச்சநீதிமன்றம் தமிழகத்துக்கு ஆண்டுக்கு 177.25 டி.எம்.சி. என்று சொன்னதும் அந்த இடத்தில் அளந்துதான். இரு மாநிலமும் வழக்காடும் அந்த எண், பரிசலில் ஏறப்போகும் நமக்கும் முக்கியமான எண். நீர்வரத்தைப் பார்த்துத்தான் தருமபுரி மாவட்ட நிர்வாகம் பரிசலை அனுமதிக்கிறது அல்லது நிறுத்துகிறது. முதல் நாள் மாலையும், கிளம்பும் காலையும் இரண்டு முறை பார்த்துவிடுங்கள். எண் ஏறிக்கொண்டே போனால், தடை இல்லாவிட்டாலும், அன்றைக்குக் கரையிலேயே பூஜையை முடித்துக்கொண்டு மீன் சாப்பிட்டுத் திரும்பலாம். தடை உள்ள நாளில் "நான் வேறு வழியில் கூட்டிப் போகிறேன்" என்று ரகசியமாக அழைப்பவரோடு போகாதீர்கள். கூலியை இரட்டிப்பாகக் கேட்கிறார் என்பதே அவருக்கும் ஆபத்து தெரியும் என்பதற்கு அடையாளம்.

பிள்ளைகளுக்கு ஒரு கணக்கு

ஆறு 90 மீட்டர் அகலம். நீரின் வேகம் வினாடிக்கு 1.5 மீட்டர். பரிசலோட்டி எதிர்க்கரையை நேராகப் பார்த்து வினாடிக்கு 1 மீட்டர் வேகத்தில் துடுப்புப் போடுகிறார். எதிர்த்துறையில் சரியாக இறங்க, அவர் எத்தனை மீட்டர் மேலேயிருந்து கிளம்ப வேண்டும்? பாதி ஆற்றில் களைத்துப்போய் அவர் வேகம் அரை மீட்டராகக் குறைந்தால்?

விடை: முதல் கேள்விக்கு 135 மீட்டர். இரண்டாவதில் கடக்க 45 வினாடியும் 90 வினாடியுமாக 135 வினாடி ஆகிறது, ஆகவே 202.5 மீட்டர். 135 மீட்டர் மேலேயிருந்து கிளம்பியவர் துறையைத் தாண்டி 67.5 மீட்டர் கீழே போயிருப்பார்.